நாடாவும் ஓர் ஏடே

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

சென்ற ஆண்டு இதே மேடையில், நம் சங்கத்தின் இரும்பு அலமாரியில் உறங்கிக்கிடந்த பழைய வீடியோ நாடாக்களைக் குறுந்தட்டுகளில் படியெடுத்துத் தரும் பொறுப்பை எங்கள் நால்வரிடம் ஒப்படைத்தீர்கள். அப்பணி பெரும்பாலும் நிறைவேறியிருக்கிறது. என்ன செய்தோம், எவ்வாறு செய்தோம், எங்கே தவறினோம், இனிச் செய்யவேண்டுவது யாது என்பவற்றை உங்கள் முன் வைப்பது எங்கள் கடமை. கணக்கு ஒப்புவிக்க வந்தவர்கள் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். ஆயினும் இப்பணியில் ஈடுபட்டிருந்த காலத்தில் எங்கள் உள்ளத்தில் எழுந்த ஓர் எண்ணத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நாம் வாழும் இந்த மைசூரு மாநகரம் படியெடுத்தலின் பெருமையை நன்கறிந்த ஊர். 1905ஆம் ஆண்டு, தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் இங்குள்ள கீழ்த்திசை நூலகத்திற்கு ஓலைச்சுவடி ஒன்றைக் கொடுத்தார். கிரந்த எழுத்தில் அமைந்த அச்சுவடியை நூலகர் சாம சாஸ்திரியார் படித்துப் பார்த்தார். பிற நூல்களில் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் அவர் கையில் இருந்தது! 1909ஆம் ஆண்டு அவர் அதனை அச்சேற்றினார். உலகம் அந்நூலை மீண்டும் பெற்றது. அந்த ஏட்டை எழுதியவர் யார்? தமிழ்நாட்டில் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு திண்ணையில் அமர்ந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுத்தாணியால் கீறிவைத்த பெயர் தெரியாத ஒருவர். அவர் அன்று சோம்பியிருந்தால், சாஸ்திரியார் கைக்கு அந்த ஏடு வந்திருக்குமா?

இன்னொன்றும் சொல்வோம். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966ஆம் ஆண்டு உதகமண்டலத்திலிருந்து நம் ஊருக்கு இடம் மாறிற்று. தமிழ்நாட்டுக் கோயில்களில் எடுத்த ஆயிரக்கணக்கான கல்வெட்டுப் படிகள் இங்கே காக்கப்பட்டு வந்தன. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தட்டி, அதன்மேல் மையை ஒற்றி எடுத்த மைப்படிகள் அவை. கல்லே சிதைந்துபோன இடங்களில் அந்தத் தாளே நமக்குச் சான்று. கல்லினும் தாள் நீண்டநாள் நிற்கும் என்று யார்தாம் நினைத்திருப்பார்கள்?

டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களை இவ்விடத்தில் நினையாமல் இருக்க முடியாது. ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, பல படிகளை ஒப்பிட்டு, 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியையும் 1894ஆம் ஆண்டு புறநானூற்றையும் அவர் பதிப்பித்தார். அவர் சென்ற சில ஊர்களில் ஏடுகள் அவருக்கு முன்பே போய்விட்டிருந்தன. ஆற்றில் விடப்பட்டவை சில, தீயில் இடப்பட்டவை சில. அவற்றை அழித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். படிக்கத் தெரியாத பழைய ஏட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எண்ணிய எளிய மக்களே அவர்கள். நம் வீட்டுப் பரண்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். போட்டுப் பார்க்கக் கருவி இல்லாத நாடாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நாமும் கேட்கின்றோம் அல்லவா?

அன்பர்களே! வீடியோ நாடாவும் ஓர் ஏடே. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. கல் ஆயிரம் ஆண்டு நிற்கும். நன்கு பேணிய ஓலை சில நூற்றாண்டுகள் வாழும். நாடாவோ சில பத்தாண்டுகளிலேயே தளர்ந்துவிடும். நம் காலத்து ஏடு நம் கண்முன்னரே முதுமை எய்துகிறது.

ஜப்பான் நாட்டில் 1975இல் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் என்னும் நாடாவையும், 1976இல் ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் என்னும் நாடாவையும் வீட்டுப் பயனுக்காக வெளியிட்டன. நம் நாட்டில் 1982ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன் பின்னர் வீடியோக் கருவிகளும் வீடுகளில் நுழைந்தன. திருமணமா, கூப்பிடு வீடியோக்காரரை. காதணி விழாவா, கூப்பிடு வீடியோக்காரரை என்ற காலம் அது. நம் சங்கமும் பொங்கல் விழா, ஆண்டு விழா, குழந்தைகள் நாடகம் என்று பதிவு செய்து வைத்தது.

அரை அங்குல அகலமுள்ள மெல்லிய பாலியெஸ்டர் பட்டை. அதன்மேல் காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடுத் துகள். அத்துகளைப் பட்டையோடு பிணைத்து நிற்கும் பசை. இவ்வளவே நாடா. மூன்று மணிநேர நாடாவில் ஏறத்தாழ 250 மீட்டர் பட்டை சுற்றியிருக்கும். காற்றின் ஈரம் நாளடைவில் அந்தப் பசையை நெகிழச் செய்கிறது. துகள் உதிர்கிறது, காந்தப் பதிவும் மங்குகிறது. மழைக்காலத்தில் நம் ஊர் வீடுகளில் பூசணம் பூப்பதை அறிவீர்கள். தோல் செருப்பில் பூப்பது நாடாவிலும் பூக்கும்.

நாடா பிழைத்திருந்தாலும், அதனை ஓட்டும் கருவி வேண்டுமே! விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு அவ்வேலையை நிறுத்திவிட்டது. 2019ஆம் ஆண்டு யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விடுத்தன. 2025ஆம் ஆண்டளவில் கருவிகளும் உதிரிப் பாகங்களும் அரிதாகிவிடும். அதற்குள் படியெடுக்காதவை நிலையாக இழக்கப்படலாம் என்பது அதன் சாரம். நாம் அந்த எல்லைக்கோட்டைத் தாண்டி நிற்கின்றோம்.

இனி எங்கள் வேலைக்கு வருவோம். அலமாரியில் இருந்த நாடாக்கள் 43. சங்கத்தின் பழைய கருவி ஓடவில்லை. உறுப்பினர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து மற்றொன்று கிடைத்தது. அதனையும் தேவராஜ சந்தைப் பக்கத்துச் சந்து ஒன்றில் வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் கன்னடர். கருவியைத் திறந்து, இறுகிப்போன ரப்பர் வார்களை மாற்றிக் கொடுத்தார். கூலி எவ்வளவு என்று கேட்டோம். பணம் வேண்டா, தம் மகளின் திருமண நாடா ஒன்று உள்ளது, அதனையும் சேர்த்துப் படியெடுத்துத் தந்தால் போதும் என்றார். எங்கள் பட்டியலில் 44ஆவது நாடா அதுவே.

செய்முறை எளிது. நாடாவில் உள்ளது அலைவடிவம். கணினி அறிவது எண்வடிவம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கைவிரல் அளவுக் கருவி கடையில் கிடைக்கிறது. வீடியோக் கருவியின் பின்னாலுள்ள மஞ்சள் துளையிலிருந்து படமும், வெள்ளை, சிவப்புத் துளைகளிலிருந்து ஒலியும் அதற்குள் செல்லும். மறுமுனையை மடிக்கணினியின் யூஎஸ்பி துளையில் செருக வேண்டும். நாடா ஓடும், மடிக்கணினி பதியும். நொடிக்கு 25 படங்கள். இதில் குறுக்கு வழி கிடையாது. மூன்று மணிநேர நாடாவிற்கு மூன்று மணிநேரம் அமர்ந்தே ஆகவேண்டும். ஏடு எழுதுவோர்க்கு இருந்த பொறுமை நமக்கும் வேண்டும்.

வீட்டில் செய்ய விரும்புவோர்க்குச் சில குறிப்புகளைச் சொல்லிவிடுகின்றோம். முதலில் நாடாப் பெட்டியின் முதுகில் உள்ள சிறிய பிளாஸ்டிக் தாழை உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறியும் அதன்மேல் வேறு பதிவு ஏறாது. பல ஆண்டு ஓடாத நாடாவை ஒருமுறை முழுதும் முன்னோக்கி ஓட்டி, மீண்டும் பின்னோக்கிச் சுற்றிய பிறகே படியெடுக்கத் தொடங்குங்கள். சுற்றின் இறுக்கம் சீராகும். மடிக்கணினி தானே உறங்கிப்போகும் ஏற்பாட்டை நிறுத்திவிடுங்கள். நாங்கள் இதனை மறந்தமையால், ஒரு நாடகம் முழுதும் ஓடி முடிந்தபோது, பதிவில் முதற்காட்சி மட்டுமே இருந்தது! அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய நாடா சரியாக ஓடவில்லையெனில் அஞ்ச வேண்டா. அந்நாட்டு முறை வேறு. இருமுறைகளையும் அறிந்த கருவியில் அஃது ஓடும்.

பூசணம் பூத்த நாடாவை மட்டும் எக்காரணம் கொண்டும் கருவியில் இடாதீர்கள். இதனைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கின்றோம். அந்தப் பிழையின் வரலாற்றை மறைப்பது முறையன்று.

ஒருநாள் மாலை, வெண்புள்ளிகள் படர்ந்த ஒரு நாடாவை, துடைத்துவிட்டோம் என்ற துணிவில் உள்ளே செலுத்தினோம். சிறிது நேரத்தில் படம் மறைந்து, திரை முழுதும் மழை பெய்வது போன்ற கோடுகள். அதனை எடுத்துவிட்டு அடுத்ததை இட்டோம். அதிலும் கோடுகளே. அதன் முதுகில் ‘பொங்கல் 92’ என்று மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது. இந்த நாடாவும் போயிற்று என்று எண்ணி, பட்டியலில் அதன் எதிரே ‘வெற்று’ என்று எழுதினோம். கழிக்க வேண்டியவற்றோடு சேர்த்தும் வைத்துவிட்டோம்.

மறுநாள் அந்த முதியவர் தம் மகளின் நாடாவைக் கொடுக்க வந்தார். திரையைப் பார்த்தார், நாடாவில் குற்றமில்லை, கருவியின் படிக்கும் முனையில் பூசணம் அடைத்துக்கொண்டது என்றார். அரைமணி நேரம் அமர்ந்து துடைத்துக் கொடுத்தார். கழித்து வைத்திருந்த நாடாவை அவரே எடுத்து இட்டார். படம் வந்தது.

பெரியோர்களே! 1991 டிசம்பர் மாதத்தை உங்களுள் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். காவிரி நீர்ப் பிணக்கை ஒட்டி, மாநிலத்தின் தென்பகுதியில் தமிழர் குடும்பங்கள் அச்சத்தோடு கதவடைத்திருந்த நாள்கள் அவை. அதனை அடுத்து வந்த பொங்கல் அது. நம் சங்கத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் அவ்வாண்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான் உள்ளது: பொங்கல் விழா எளிய முறையில் நடைபெற்றது என்பது அவ்வரி. நாடா காட்டியதோ வேறு.

கூட்டம் சிறிது. பந்தல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஆனால் முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் யார்? நம் தெருவின் கன்னடக் குடும்பத்தினர்! பெண்கள் பூ வைத்து, குழந்தைகளை மடியில் இருத்திக்கொண்டு, தங்கள் வீட்டு விழாவிற்கு வந்தவர்கள்போல் அமர்ந்திருக்கின்றனர். அப்போது தலைவராயிருந்த பெரியவர் எழுந்து பேசுகின்றார். முதலில் கன்னடத்தில் அவர்களுக்கு நன்றி கூறுகின்றார்; பின்னரே தமிழில் நமக்கு வாழ்த்துக் கூறுகின்றார். குரல் சற்றே நடுங்குகிறது. அவ்வளவே. ஏழு நிமிடப் பேச்சு. அதன் பின் சர்க்கரைப் பொங்கல் பரிமாறுகின்றனர்.

அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவருடைய மருமகள் இந்த அவையில் இருக்கின்றார். படத்தைப் பார்த்தபின் அவர் எங்களிடம், மாமாவின் முகம் புகைப்படத்தில் உள்ளது, அவர் குரலைத்தான் வீட்டில் எல்லோரும் மறந்துபோனோம் என்றார். அவர் பேத்திக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். ஆனால் தாத்தா பேசியது அவளுக்கு முழுதும் விளங்கிற்று.

சிந்தித்துப் பாருங்கள். அன்று எவரும் எழுதிவைக்காத ஓர் உண்மை, அச்சம் சூழ்ந்த காலத்தில் அண்டை வீட்டார் வந்து அருகே அமர்ந்தார்கள் என்னும் உண்மை, அந்த ஒரு நாடாவில் மட்டுமே இருந்தது. அதனையும் ‘வெற்று’ என்று எழுதிக் கழிக்க இருந்தவர்கள் நாங்கள்! ஏட்டை ஆற்றில் விட்டவர்களைக் குறைகூற எங்களுக்கு இனி உரிமையில்லை.

கணக்கு இது: 43 நாடாக்களுள் 36 முழுதும் வந்தன, நான்கு பகுதியளவில் வந்தன, மூன்று வரவில்லை. வராதவற்றைக் கழிக்கவில்லை, தனி உறையிலிட்டு உலர்ந்த இடத்தில் வைத்திருக்கின்றோம். எங்களினும் திறமையானவர் கையில் அவை வாய் திறக்கக்கூடும்.

இனிக் குறுந்தட்டைப் பற்றி ஒரு சொல். இன்று விழா முடிவில் குடும்பத்திற்கு ஒரு டிவிடி வழங்கப்படும். ஒரு தட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட், நல்ல தரத்தில் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கொள்ளும். ஆகவே தேர்ந்தெடுத்த பகுதிகளையே அதில் சேர்த்துள்ளோம். தட்டு கையில் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். வீட்டில் பதியும் தட்டின் உள்ளே இருப்பது ஒருவகைச் சாயம். வெயிலும் வெப்பமும் அதனை மங்கச் செய்யும். மேலும், இப்போது விற்கும் மடிக்கணினிகளுள் பலவற்றில் தட்டை இடும் பெட்டியே இல்லை. நாடாவை ஓட்டும் கருவி மறைந்ததுபோல் தட்டை ஓட்டும் கருவியும் ஒருநாள் மறையும்.

ஆகவே முழுப் பதிவுகளையும் இரண்டு வன்தட்டுகளில் சேமித்துள்ளோம். ஒன்று சங்கத்தில் இருக்கும். மற்றொன்று வேறு பகுதியில் வாழும் செயற்குழு உறுப்பினர் ஒருவர் வீட்டில் இருக்கும். ஒரே இடத்தில் ஒரே படி இருப்பது காப்பு ஆகாது. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அதனோடு சாம்பலாயின. பெருஞ்செல்வங்களுக்கே அந்நிலை எனில், நம் சிறு செல்வத்தை நாமன்றி யார் காப்பார்?

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இப்பதிவுகளை எடுத்துப் பார்த்து, அக்காலத்திற்கு ஏற்ற புதிய கருவியில் மீண்டும் படியெடுக்க வேண்டும் என்பதனைச் சங்கத்தின் நிலையான விதியாக ஆக்குமாறு செயற்குழுவை வேண்டுகின்றோம். படியெடுத்தல் ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலை அன்று. தந்தை எழுதிய படியிலிருந்து மகனும், மகன் எழுதிய படியிலிருந்து பேரனும் எழுதி எழுதியே நம் இலக்கியம் நம்மிடம் வந்து சேர்ந்தது. இடையில் ஒரு தலைமுறை கைசோர்ந்தாலும் கயிறு அறுந்துவிடும்.

இறுதியாக, இன்று வந்துள்ள முதியோர்களிடம் ஒரு வேண்டுகோள். படங்கள் கிடைத்துவிட்டன, பெயர்கள் கிடைக்கவில்லை. அந்தப் பொங்கல் விழாவின் முன்வரிசையில் இருந்த பதினெட்டுப் பேருள் பதினொருவரையே எங்களால் அறிய முடிந்தது. நீலச் சேலை அணிந்து, ஒரு கைக்குழந்தையோடு கடைசி நாற்காலியில் அமர்ந்திருக்கும் அம்மையார் யார்? அன்று அவர் நம்மோடு வந்து அமர்ந்தாரே, அவர் பெயர் நமக்குத் தெரிய வேண்டாவா? அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் சங்கக் கட்டடத்தில் ஒரு நாடாவின் படியைத் திரையிடுவோம். முதியோர் வந்து முகங்களைக் காட்டிப் பெயர்களைச் சொல்லுங்கள். இளைஞர்கள் அருகில் அமர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். நாடாவையாவது சில ஆண்டு உலர வைத்துக் காக்கலாம். நினைவுக்கு அத்தகைய உறை இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் நாடாக்கள் இருப்பின் அவற்றையும் கொண்டுவாருங்கள். கருவி இன்னும் ஓடுகிறது. அதனை ஓடவைத்த முதியவர் இன்று நம் அழைப்பை ஏற்று இந்த அவையில், முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றார். அவருக்கு இந்த மேடையிலிருந்து, நம் பெரியவர் காட்டிய வழியில், முதலில் கன்னடத்தில் நன்றி கூறிவிட்டு, அதன்பின் உங்கள் அனைவர்க்கும் தமிழில் நன்றி கூறி விடைபெறுகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!